பிந்திக் கற்ற பாடம்: பாரதியாரும் செல்லம்மாளும்

பொதிகைச் சாரலில் பிறக்கும் ஆறுகள் பல. தெற்கே மணிமுத்தாறும் பச்சையாறும், வடக்கே கடனாநதியும் இராமநதியும் ஜம்புநதியும் தத்தம் வழியில் இறங்கிப் பொருநையில் கலக்கின்றன. மணிமுத்தாற்றங்கரையில் கூடும் நம் இலக்கிய வட்டத்துக்குப் பொருநையின் மறுபுறம் இராமநதிப் பாசனத்தில் விளங்கும் கடையம் அயலூர் அன்று. ஒரே மலையின் நிழலில் வாழும் ஊர்கள் இவை. அந்தக் கடையத்தில்தான் மகாகவி சுப்பிரமணிய பாரதியார் 1918 ஆம் ஆண்டின் இறுதி முதல் 1920 ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை வாழ்ந்தார். அது அவருடைய மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர்.

பாரதியாரின் நாட்டுப்பற்றைப் பற்றியும், கவித்திறத்தைப் பற்றியும், வறுமையைப் பற்றியும் எழுதப்பட்டவை ஏராளம். அவர் தம்மோடு வாழ்ந்த ஒருவரிடத்தில் எவ்வாறு தவறினார், அத்தவற்றிலிருந்து என்ன கற்றார், எவ்வளவு கற்றார், எதைக் கற்காமலே போனார் என்பதைப் பற்றிய பேச்சு குறைவு. கவிஞர்கள் கூடியிருக்கும் வட்டமொன்றின் பத்தாமாண்டு மலருக்கு அது பொருந்தாத பொருள் ஆகாது. மக்கள் அனைவரையும் நேசிப்பது கவிஞனுக்கு எளிது. அடுத்த அறையில் இருப்பவரை அறிந்து நேசிப்பது அத்துணை எளிதன்று. பாரதியாரின் வாழ்வே இதற்குச் சான்று.

எட்டயபுரத்தில் 1882 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் நாள் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் பாரதியார். ஐந்தாம் வயதில் தாயை இழந்தார். தந்தை கணிதத்திலும் எந்திரங்களிலும் நாட்டம் மிக்கவர். எட்டயபுரத்தில் பஞ்சாலை நிறுவ முயன்று பொருளை இழந்தவர். மகன் கணக்கும் ஆங்கிலமும் கற்று உயர வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ தமிழ்க் கவிதையில் மட்டுமே மனம் சென்றது. தெருவில் ஆடும் பிள்ளைகளோடு சேர விடாமல் தந்தை தம்மைத் தடுத்ததையும், தனிமையில் ஏங்கியதையும், ஆங்கிலக் கல்வியால் விளைந்த கேட்டையும், தந்தையை வாட்டிய வறுமையையும் பின்னாளில் 1910 ஆம் ஆண்டில் வெளியான 'கனவு' என்னும் தன்வரலாற்றுப் பாடலில் அவர் எழுதினார். தந்தைமீது அவருக்கு இருந்த மனத்தாங்கலும் இரக்கமும் அப்பாடலில் ஒருங்கே ஒலிக்கின்றன. தந்தை உயிரோடிருந்த நாளில் இருவரும் மனம்விட்டுப் பேசிக் கொண்டதற்குச் சான்று இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கவிதையில்தான் மகன் தந்தையை அறிந்துகொண்டார். உறவு முடிந்த பின்னரே அதன் பொருளை உணரும் இந்த வழக்கம் பிற்காலத்திலும் அவரைவிட்டு நீங்கவில்லை.

1897 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருமணம் நிகழ்ந்தது. மணமகனுக்கு வயது பதினான்கு. கடையம் செல்லப்பா ஐயரின் மகள் செல்லம்மாளுக்கு வயது ஏழு. நான்கு நாள் கல்யாணத்தில் கூட்டத்தார் முன்னிலையில் மணமகன் காதல் பாட்டுகளைப் பாடியதும், சிறுமி நாணிக் குறுகியதும் குடும்பத்தார் நினைவில் நின்றுவிட்ட செய்திகள். கேட்டவர்கள் மகிழ்ந்திருக்கலாம். பாட்டுக்குரியவளோ அதன் பொருளை அறியும் பருவத்தில் இல்லை. பாடுகிறவரின் உள்ளம் எத்துணை உண்மையானதாக இருந்தாலும், கேட்பவளின் நிலையை அது கணக்கில் கொள்ளவில்லை. இச்சிறு நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக் கொள்வோம்; இதையொத்த ஒன்று இருபதாண்டுகளுக்குப் பின் கடையத்துத் தெருவிலும் நிகழவிருக்கிறது.

மறு ஆண்டு தந்தை காலமானார். பாரதியார் அத்தை குப்பம்மாளின் இல்லத்தில் தங்கிப் படிக்கக் காசிக்குச் சென்றார். செல்லம்மாள் கடையத்தில் இருந்தாள். காசியில் மருமகன் தலைமுடியையும் உடையையும் மாற்றிக் கொண்டு அரசியல் கூட்டங்களில் திரிகிறான் என்ற செய்தி கடையத்துக்கு எட்டியது. பதினொரு வயதுச் சிறுமி அஞ்சினாள். ஊருக்குத் திரும்பும்படி கணவருக்குக் கடிதம் எழுதினாள். 1901 ஆம் ஆண்டளவில் அதற்கு வந்த மறுமொழி இன்றும் கிடைக்கிறது. அன்பு நிறைந்த விளிப்போடு தொடங்கும் அக்கடிதம், தம் செயலைப் பற்றி அவள் அஞ்ச வேண்டியதில்லை என்று கூறிவிட்டு, கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்கு கற்குமாறு அறிவுரை சொல்லி முடிகிறது. அறிவுரை நல்லதுதான். ஆயினும் அவள் கேட்டது அறிவுரை அன்று. அச்சத்தோடு வந்த ஒருத்திக்குப் பாடத்திட்டம் கிடைத்தது. அன்பில்லாமையால் நேர்ந்த தவறு அன்று இது. அன்பு செவியை மறந்து வாயை மட்டும் நம்பியதால் நேர்ந்த தவறு.

1902 இல் எட்டயபுரம் மன்னரின் அழைப்பில் ஊர் திரும்பினார். இல்லறம் தொடங்கியது. மன்னரோடு சென்னைக்குச் சென்றபோது, வீட்டுக்கு வேண்டிய பொருள்களை வாங்கிவரும்படி மனைவி கேட்டிருந்தாள். அவர் திரும்பிய வண்டியில் இருந்தவை மூட்டை மூட்டையாகப் புத்தகங்கள்; மனைவிக்கென ஒரு புடவை. பாரதியாரின் நூற்காதலுக்குச் சான்றாக இந்நிகழ்ச்சியை நாம் சிரித்துக் கொண்டே சொல்லி வருகிறோம். சமையலறைப் பக்கத்திலிருந்து பார்த்தால் சிரிப்பு வருமா என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. புதுவையில் கடன் வாங்கிய அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதையும் அத்தகையதே. குருவிகளின் பசியை அறிந்த உள்ளம், உலையேற்றக் காத்திருந்தவளின் கவலையை அறிய நேரமெடுத்துக் கொள்ளவில்லை.

1904 ஆம் ஆண்டில் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணிபுரிந்த பின், நவம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் உதவியாசிரியரானார். அவ்வாண்டிலேயே மூத்த மகள் தங்கம்மாள் பிறந்தாள். 1905 ஆகஸ்டில் பெண்களுக்கென்றே தொடங்கப்பட்ட 'சக்கரவர்த்தினி' என்னும் மாத இதழின் ஆசிரியர் பொறுப்பையும் ஏற்றார். பெண் கல்வியையும் பெண்களின் உயர்வையும் பற்றி அவ்விதழில் எழுதினார். எழுத்தில் பெண்ணின் பெருமையைப் பாடியவருக்கு வாழ்வில் அதைப் பற்றிய கேள்வி இன்னும் எழவில்லை.

அக்கேள்வி வங்கத்தில் எழுந்தது. காங்கிரசு மாநாட்டை ஒட்டி வடநாடு சென்ற பயணமொன்றில், கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் இடத்தில் நிவேதிதா தேவியாரைச் சந்தித்தார். அயர்லாந்தில் பிறந்து, விவேகானந்தரின் சீடராகி, இந்தியப் பெண்களின் கல்விக்குத் தம்மை ஒப்படைத்தவர் அவர். மனைவியை ஏன் உடனழைத்து வரவில்லை என்று அம்மையார் வினவியதாகவும், எங்கள் வழக்கத்தில் அது இல்லை என்னும் வகையில் பாரதியார் விடையளித்ததாகவும், வீட்டில் பாதிப்பேரை அடிமையாக வைத்துக் கொண்டு நாட்டுக்கு விடுதலை கேட்பது எங்ஙனம் என்று அம்மையார் கடிந்து கொண்டதாகவும் பாரதியாரைச் சார்ந்தோர் கூறி வந்துள்ளனர். 1908 இல் வெளியான 'ஸ்வதேச கீதங்க'ளையும் 1909 இல் வெளியான 'ஜன்ம பூமி'யையும் அவர் நிவேதிதாவுக்கே காணிக்கையாக்கினார். சொற்பப் பொழுதில், சொல்லாமலே தமக்கு உணர்த்திய குரு என்று அவரைப் போற்றினார்.

அந்தச் சந்திப்பு பாரதியாரின் வாழ்வில் ஒரு திருப்பம் என்பதில் ஐயமில்லை. ஆயின் எத்தகைய திருப்பம் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். வெட்கம் ஒரு நொடியில் வந்துவிடும்; பழக்கம் ஒரு நொடியில் மாறாது. பாரதியார் அவ்வெட்கத்தை முதலில் கொள்கையாக மாற்றினார். அது அவருக்கு இயல்பான வழி. தனி மனிதராகத் தாம் செய்த பிழையை ஒரு சமுதாயத்தின் பிழையாகக் கண்டார். அதனைக் கண்டித்துப் பாடினார். தமிழ்ப் பெண்ணுக்குப் புதிய உருவத்தைத் தந்தார். தமிழுலகம் அதனால் பெற்ற நன்மை அளவிடற்கரியது. ஆனால் கொள்கையில் கணக்குத் தீர்த்துவிட்டவருக்கு வீட்டில் கணக்கு இன்னும் தீரவில்லை என்பது எளிதில் தெரிவதில்லை.

1908 ஆம் ஆண்டு இரண்டாவது மகள் சகுந்தலை பிறந்தாள். அவ்வாண்டிலேயே 'இந்தியா' இதழின் பெயரளவு ஆசிரியர் கைதானார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குத் தப்பிச் சென்றார். செல்லம்மாளும் குழந்தைகளும் பின்னர் அங்கே சென்று சேர்ந்தனர். பத்தாண்டு நீண்டது அவ்வாசம். மண்டயம் சீனிவாசாச்சாரியார், அரவிந்தர், வ.வே.சு. ஐயர் முதலியோர் கூடிய அந்த வட்டத்தில் உயர்ந்த உரையாடல்கள் நிகழ்ந்தன. 'பாஞ்சாலி சபத'மும் 'குயில் பாட்டு'ம் 'கண்ணன் பாட்டு'ம் அங்கே பிறந்தவை. ஒற்றர்களின் கண்காணிப்பும் வருவாய் அற்ற நிலையும் அதே வீட்டில் உடனிருந்தன. முதலாவதைக் கணவர் வரலாற்றுக்காக ஏற்றுக் கொண்டார். இரண்டாவதை மனைவி நாள்தோறும் சமாளித்தாள்.

'கனவு' வெளியானது இக்காலத்தில்தான். சிறுவனாக இருந்தபோது வேறொரு சிறுமியிடம் கொண்ட காதலையும், தந்தையின் ஏற்பாட்டில் நடந்த மணத்தையும் அதில் அவர் மறைக்காமல் எழுதினார். உண்மையை மறைக்காத துணிவு தமிழ்க் கவிதைக்குப் புதிது. ஆயினும், தமிழை நன்கு கற்குமாறு தாமே அறிவுறுத்திய மனைவியும் அதைப் படிக்கக் கூடும் அல்லவா? உண்மை பேசுவதற்கும், அவ்வுண்மையின் சுமையைத் தாங்கப் போகிறவரை நினைத்துப் பேசுவதற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. எழுதுகிறவர்கள் அனைவருக்கும் இது இன்றும் தீராத வினா.

1917 ஆம் ஆண்டில் பரலி சு. நெல்லையப்பரின் முயற்சியால் 'கண்ணன் பாட்டு' நூலாக வெளிவந்தது. தோழன், தாய், தந்தை, சேவகன், அரசன், சீடன், குரு, குழந்தை, காதலன், காதலி, ஆண்டான், குலதெய்வம் என்று மனித உறவுகள் அத்தனையையும் ஒருவனிடத்தில் வைத்துப் பார்க்கும் நூல் அது. பக்தி நூலாகவே நாம் அதைப் பெரிதும் பயில்கிறோம். உறவுகளில் தவறிய ஒருவர், உறவு என்பது யாது என்று ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்த நூலாகவும் அதைப் பயிலலாம்.

அவற்றுள் 'கண்ணன் என் சீடன்' நம் பொருளுக்கு மிக நெருங்கியது. சீடனைத் திருத்தியே தீர்வது என்று ஒரு குரு முனைகிறார். அன்பாகச் சொல்கிறார், இரக்கிறார், இடித்துரைக்கிறார், சினக்கிறார். ஒன்றும் பலிக்கவில்லை. தம் வீட்டில் சில நாள் தங்கச் செய்து, தம் கவிதைத் தாள்களைப் படியெடுக்கும் வேலையைத் தருகிறார். அவன் எழுந்து போக முற்படுகிறான். சினம் தலைக்கேறிய குரு அவனைத் துரத்தி விடுகிறார். பின்னர்க் கண்ணீரோடு தம் தோல்வியை ஒப்புக் கொண்டு, இனி வற்புறுத்துவதில்லை என்று கைவிடுகிறார். அதன் பின்னரே சீடன் தானாகத் திரும்பி வந்து எழுதுகோலை எடுக்கிறான். ஒருவரை ஆக்குவதும் மாற்றுவதும் நம் கையில் இல்லை. தோற்றதை ஒப்புக் கொண்ட இடத்தில்தான் வெற்றி தொடங்குகிறது என்பது அப்பாடலின் முடிவு. காசியிலிருந்து சிறுமி ஒருத்திக்குப் பாடத்திட்டம் அனுப்பிய இளைஞர், முப்பத்தைந்தாம் வயதை எட்டும் முன்பே இந்த முடிவுக்கு வந்துவிட்டார். கவிதையில் வந்துவிட்டார் என்பதே சரி. வாழ்க்கை கவிதைக்குப் பின்னால் மெல்ல நடந்து வந்தது.

1918 நவம்பர் 20 ஆம் நாள் புதுவையை விட்டு வெளியேறியபோது கடலூர் எல்லையில் கைது செய்யப்பட்டார். டிசம்பர் 14 ஆம் நாள், அரசியலிலிருந்து ஒதுங்கியிருப்பது முதலிய கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு விடுதலையானார். போக இடம் ஒன்றே இருந்தது, மனைவியின் ஊர். இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் காதல் பாட்டுப் பாடிய மாப்பிள்ளை, வருவாயும் வேலையும் இன்றி, காவல் துறையின் கண்காணிப்போடு கடையம் வந்து சேர்ந்தார்.

இதுவரை செல்லம்மாள் கணவரின் ஊர்களில் வாழ்ந்தாள். இப்போது கணவர் அவளுடைய ஊரில் வாழ வந்திருந்தார். நித்திய கல்யாணி அம்மன் கோயிலும், வயல்களும், மேற்கே மலையும் அவருக்கு ஆறுதல் தந்தன. அக்கிரகாரமோ அவரை ஐயத்தோடு பார்த்தது. சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகினார்; அருகிலுள்ள பொட்டல்புதூருக்குச் சென்று இசுலாமியப் பெருமக்களிடையே இசுலாத்தின் மேன்மையைப் பற்றி உரையாற்றினார். மனைவியின் தோளில் கைபோட்டுக் கொண்டு தெருவில் நடந்தார். கணவனுக்குப் பின்னால் சில அடி தள்ளி மனைவி நடப்பதே முறையென்றிருந்த காலம் அது. ஊர் சிரித்தது, பழித்தது.

இந்நிகழ்ச்சியைப் பாரதியாரின் துணிவுக்குச் சான்றாகவே கூறுவோம். அது துணிவுதான், நிவேதிதா தந்த பாடத்தின் கனி என்பதும் உண்மை. ஆனால் அத்துணிவுக்கான விலையைக் கொடுத்தவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். ஊராரின் பழி பாரதியாரைத் தீண்டவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தாதவர். செல்லம்மாளுக்கோ அந்தத் தெரு தாய்வீட்டுத் தெரு. திண்ணைகளில் அமர்ந்து நகைத்தவர்கள் அவளுடைய உறவினர்கள். நீர் எடுக்கப் போகும் இடத்தில் அவர்களையே அவள் நாளையும் சந்திக்க வேண்டும். சமத்துவத்தை அவர் அவளுக்கு அளித்தார். அது எந்த வடிவில், எந்த வேகத்தில் வேண்டும் என்று அவளைக் கேட்டாரா? கல்யாணப் பந்தலில் நாணிக் குறுகிய சிறுமியே கடையத்துத் தெருவில் மீண்டும் நடந்தாள். அடிமைப்படுத்தும் கட்டளையைப் போலவே விடுதலை தரும் கட்டளையும் கட்டளையே. 'சீடன்' பாட்டில் கண்டறிந்த உண்மையைப் பாரதியார் தம் தோளருகே நடந்தவளிடத்தில் முழுமையாகப் பொருத்திப் பார்க்கவில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதனை மறைத்தல் நீதியாகாது. அந்நாளைய கணவர்களுள் மிகப் பலர் மனைவியின் பக்கமே திரும்பாமல் வாழ்ந்து மறைந்தனர். அவர்கள் தவறியதும் இல்லை, கற்றதும் இல்லை. முயன்றவரே தவறுகிறார். பாரதியார் தம் பாதையில் மேலும் மேலும் சென்றார். பெண் விடுதலை பற்றி அவர் எழுதிய கட்டுரைகளில், பருவமடையும் முன் பெண்ணுக்கு மணம் செய்வது ஆகாது, விருப்பமில்லாதவனை மணக்கும்படி வற்புறுத்தல் ஆகாது, மணந்தபின் கணவனை விட்டு நீங்கவும் அவளுக்கு உரிமை வேண்டும், சொத்தில் சம பங்கு வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கேட்டார். ஏழு வயதுச் சிறுமியை மணந்தவர் எழுதியவை என்று நினைத்து அவற்றைப் படித்தால், வெறும் சீர்திருத்த முழக்கமாக அவை தோன்றா. தம் வாழ்வின் தொடக்கத்துக்கு எதிராகவே ஒருவர் அளித்த சாட்சியமாகத் தோன்றும். கடைசிக் காலத்தில் எழுதி முடிக்காமல் விட்ட 'சந்திரிகையின் கதை'யும் கைம்பெண்ணின் மறுமணத்தைப் பேசுவதே.

கடையத்தில் வேறு உறவுகளும் அவரைச் சோதித்தன. எட்டயபுரம் அரண்மனை வாழ்வைச் 'சின்னச் சங்கரன் கதை'யில் எள்ளி நகையாடியவர், 1919 இல் அதே அரண்மனைக்குச் சீட்டுக்கவி எழுதி ஆதரவு வேண்டினார். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. 1920 ஜூனில், தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக்கி நாலு இலட்சம் படிகள் அச்சிடும் பெருந்திட்டத்தை வகுத்து, ஆளுக்கு நூறு ரூபாயேனும் கடனாகத் தருமாறு நண்பர்களுக்கு எழுதினார். வேண்டிய பொருள் சேரவில்லை. போதைப் பொருளின் பழக்கமும் அவர் உடலை வாட்டியது, நண்பர் வ.உ. சிதம்பரனார் தம் நினைவுக் குறிப்பில் இதை மனவேதனையோடு பதிந்திருக்கிறார். திருவனந்தபுரம் விலங்கினக் காட்சிச் சாலையில் சிங்கத்தை அவர் அச்சமின்றித் தொட்டபோது, உடன் நின்ற மனைவி நடுங்கினாள். அஞ்சாமையைப் பாடியவரின் அஞ்சாமைக்காக அஞ்சுவது அவளுடைய நித்தியக் கடமையாயிற்று.

1920 நவம்பரில் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. பாரதியார் மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். மறு ஆண்டு திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது. குவளைக் கண்ணன் பாய்ந்து மீட்டார். அக்காயத்திலிருந்து தேறினாரெனினும் வயிற்றுக்கடுப்பு நோய் வந்து, 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து உயிர் நீத்தார். அகவை முப்பத்தொன்பது நிறையவில்லை. செல்லம்மாளுக்கு முப்பத்தொன்று.

'சீடன்' பாட்டின் முடிவு இதன் பின்னரே வாழ்வில் நிறைவேறியது. யாரும் ஆணையிடாத போது செல்லம்மாள் அவருடைய கவிதைத் தாள்களைக் கையில் எடுத்தாள். 'பாரதி ஆசிரமம்' என்னும் பெயரில் 1922 இல் 'ஸ்வதேச கீதங்கள்' இரண்டு பாகங்களாக வெளிவந்தன. கணவரை இழந்து ஓராண்டு கழியும் முன் அப்பணியை மேற்கொண்டாள். வாணிக வகையில் அது வெற்றி பெறவில்லை. எனினும் கணவர் நூறு ரூபாய்க் கடனுக்கு எழுதியும் நிறைவேறாத எண்ணத்தின் முதல் அடியை எடுத்து வைத்தவள் அவளே.

பின்னர் அவள் சொல்ல, மகள் தங்கம்மாளின் துணையோடு 1941 இல் பாரதியாரின் சரித்திரம் வெளிவந்தது. 1951 இல் திருச்சி வானொலியில் தம் கணவரைப் பற்றி அவள் உரையாற்றினாள். இவ்விரண்டிலும் வியப்புக்குரியது ஒன்று உண்டு. பழி சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் பழி சொல்லவில்லை. தெய்வமாக்கிப் புகழ்ந்து பட்ட துன்பத்தை மறைக்கவும் வழி இருந்தது, அதையும் செய்யவில்லை. கவிஞனோடு வாழ்வது உலகம் எண்ணுவது போல எளிதன்று என்பதை அமைதியாகச் சொன்னாள்; அந்த வாழ்வைத் தன் பேறாகவும் ஏற்றுக் கொண்டாள். கணவரை அவர் இருந்தபடியே, குறையோடும் நிறையோடும் பார்த்தாள். அன்பு என்னும் சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான பொருள் கிடைப்பது அரிது. காசிக் கடிதத்தில் தமிழ் கற்கச் சொன்னார் கணவர். கற்ற தமிழில் அவர் வரலாற்றை அவள் எழுதுவித்தாள். ஆசிரியர் யார், மாணவர் யார் என்பது இறுதியில் மாறிவிடுகிறது. 1955 இல் அவள் மறைந்தாள்.

2022 ஆம் ஆண்டில் கடையத்தில் இருவருக்கும் சேர்த்துச் சிலை எழுப்பப்பட்டது. மனைவியின் தோளைத் தழுவி நிற்கிறார் பாரதியார். ஊர் எதைப் பார்த்து நகைத்ததோ அதையே ஊர் இன்று பெருமையாகக் கருதுகிறது. நன்று. எனினும் சிலையைக் காண்பவர்கள் கவிஞரின் கையை மட்டும் பார்த்துத் திரும்பாமல், அந்தக் கையைத் தாங்கிய தோளையும் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோள்.

பாரதியாரின் வாழ்விலிருந்து கவிஞர்கள் பெறத்தக்க பாடம் அவருடைய கொள்கையில் மட்டும் இல்லை. அவர் தவறிய விதத்திலும் உண்டு. வருந்துவதால் மட்டும் உறவு செப்பமாவதில்லை. வருத்தத்தைக் கொள்கையாக்கினால் அது உலகுக்குப் பயன்படும். வீட்டுக்குப் பயன்படுமென்று உறுதி இல்லை. கொள்கையைக் கட்டளையாக்கினால் அது மீண்டும் பழைய பிழைக்கே இட்டுச் செல்லும். தோற்றதை ஒப்புக் கொண்டு, எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்கத் தொடங்குவதே வழி. பாரதியார் அவ்வழியைக் கண்டார், பாட்டில் எழுதிவைத்தார், நடந்து முடிக்கக் காலம் போதவில்லை.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் கவிதைகள் பல அரங்கேறியுள்ளன. வட்டத்தை நிலைக்கச் செய்தவை கவிதைகள் மட்டும் அல்ல. ஒருவர் படிக்கும்போது மற்றவர் கேட்ட பொறுமையும், கருத்து மாறுபட்டுப் பிரிந்தவர் அடுத்த திங்கள் கூட்டத்துக்குத் திரும்பி வந்த பெருந்தன்மையும், கூட்டம் முடியும் வரை வீட்டில் விழித்திருந்தவர்களின் ஒத்துழைப்புமே அதைக் காத்தன. இம்மலரைக் கையில் எடுக்கும் கவிஞர், தம் கவிதை வந்துள்ள பக்கத்தைத் தேடும் முன், வீட்டில் தமக்காக விழித்திருந்தவரிடம் சிறிது நேரம் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்பாராக. பாரதியாருக்கு நாம் செய்யும் வழிபாடுகளுள் அதுவும் ஒன்றாகும்.